பிழை சாமானில்

எங்கள் வீட்டுக் கதிரைகளில் கால் அறுபடாமல் தப்பியது ஒன்றே ஒன்றுதான். அதையும் அம்மா சாமியறைக்குள் வைத்து, மேலே பழைய பட்டுச்சேலை ஒன்றைப் போர்த்திவிட்டதால் தப்பியது. மற்றதெல்லாம் ஊர் எஞ்சின்காரர் ஒருவரின் அறுக்கிற வாளுக்குப் போய்விட்டது. ஒன்று அம்மாவின் உயரத்துக்கு, ஒன்று என் உயரத்துக்கு, இன்னொன்று குசினியில் இருந்து மீன் வெட்டத் தோதான உயரத்துக்கு. வீட்டுக்கு வருகிறவர்கள் அதில் குந்தும்போது ஒருமுறை திடுக்கிடுவார்கள். கதிரை அவர்கள் நினைத்த இடத்தில் இருக்காது, இன்னும் கொஞ்சம் கீழே இருக்கும். "உதென்ன கோதாரி!" என்பார்கள். நானும் அம்மாவும் சிரிப்பை அடக்கிக்கொண்டு தேத்தண்ணி போடப் போவோம்.

அவருடைய பெயரைச் சொல்லமாட்டேன். சொன்னால் மன்னாரிலிருந்து புறப்பட்டு வந்து சண்டை பிடிப்பார். நெடுந்தீவில் இரும்பு அறுக்கிற வாளைச் சைக்கிள் பாரில் கட்டிக்கொண்டு திரிந்தவர் என்று சொன்னாலே ஊரில் பாதிப்பேருக்கு ஆளைத் தெரியும். மற்றப் பாதிப்பேர், அவர் ஒழுங்கையில் வருகிறார் என்றால் மண்வெட்டியை எடுத்து ஒளிக்கிறவர்கள். அவர்களுக்கும் தெரியும்.

படகு எஞ்சின் திருத்துவதுதான் தொழில். ஆனால் கடையில் வாங்கிய எந்தச் சாமானையும் வாங்கியபடி விட்டுவைக்க அவருக்கு மனம் வராது. குடைப்பிடியை அறுப்பார், கோடரிக் காம்பை அறுப்பார், சைக்கிள் கைப்பிடியைச் சூடாக்கி வளைப்பார். ஆருக்காவது ஏதாவது சரிவரவில்லை என்று காதில் விழுந்தால் போதும், மனிசன் வந்துவிடுவார். சாமானை ஒருமுறை சுற்றிப் பார்ப்பார். பிறகு தீர்ப்புச் சொல்லுவார்.

"பிழை உம்மில இல்லை. பிழை சாமானில."

எங்கள் ஒழுங்கை முனையில் ஒரு மாமி இருந்தா. கை நடுக்கம். தேத்தண்ணியைத் தூக்கினால் பாதி சேலையில் ஊற்றுப்படும். அதனால் ஆக்களுக்கு முன்னால் குடிப்பதையே விட்டுவிட்டா. கலியாண வீட்டுக்குப் போனாலும் "எனக்கு வேண்டாம் பிள்ளை, இப்பதான் குடிச்சனான்" என்று பொய் சொல்லுவா. இவர் ஒருநாள் மாமியின் எனாமல் கோப்பையைக் கேட்காமலே எடுத்துக்கொண்டு போய், மறுபக்கத்திலும் ஒரு பிடியை ஒட்டிக் கொண்டுவந்து கொடுத்தார். இரண்டு கையாலும் பிடித்துக் குடிக்கலாம். மாமிக்குக் கண் கலங்கிவிட்டது. இவருக்கோ கோபம்.

"கை நடுங்குதெண்டு இவ அழுகிறா! ஒரு பிடியோட கோப்பை செய்தவன் எல்லோ அழவேணும்!"

எல்லா நேரமும் இப்படி இனிமையாக முடிந்தது என்று நினைக்க வேண்டாம். செத்துப்போன அப்பாவின் கைத்தடியை அம்மா அலுமாரிக்குப் பக்கத்தில் சாத்தி வைத்திருந்தா. ஞாபகத்துக்கு. அம்மாவுக்கு முழங்கால் நோ தொடங்கிய காலம். ஒருநாள் இவர் வந்து கதைத்துக்கொண்டிருந்தார், நான் குசினிக்குள் போய் வருவதற்குள் தடியின் அடியை அறுத்துவிட்டார். "அக்கா, இப்ப உங்கட கைக்கு அளவு" என்று நீட்டினார். அம்மா தடியை வாங்கவே இல்லை. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டா. எனக்கும் வந்த கோபத்துக்கு அளவில்லை. "உங்களுக்கு விசரோ அண்ணை? அது அப்பாட தடி!" என்று கத்தினேன். அவர் தடியைப் பார்த்தார், கதவைப் பார்த்தார். "இவ்வளவு நீளமாய் இருந்தால் அவ எப்பிடி ஊண்டுவா?" என்று என்னையே திருப்பிக் கேட்டார். கனநாள் அம்மா அவருக்கு முகம் கொடுக்கவில்லை. ஆனால் தடியை ஊன்றத் தொடங்கிவிட்டா. இன்றைக்கும் அதை ஊன்றித்தான் கோயிலுக்குப் போகிறா.

முன்னொரு காலத்தில் குறிகட்டுவானுக்கு ஓடுகிற பயணிகள் படகொன்றில் எஞ்சின்காரராக இருந்தாராம். கடல் வற்றும் நேரங்களில் படகு துறையை விடப் பதிந்து கிடக்கும். சேலை கட்டிய பெண்கள் இறங்கவும் ஏறவும் படாத பாடு படுவார்கள். ஆராவது கையைப் பிடித்து இழுக்க வேண்டும், ஆராவது பின்னால் தாங்க வேண்டும். இவர் ஒருநாள் படகின் பக்கப்பலகையை வெட்டி ஒரு படியைப் பூட்டிவிட்டார். படகு தன்னுடையது அல்ல என்பது அவருக்குப் பெரிய விஷயமாகப் படவில்லை. முதலாளிக்குப் பட்டது.

"முதலாளி உங்களை வேலையால கலைச்சுப்போட்டாராம், உண்மையோ அண்ணை?" என்று ஒருமுறை கேட்டேன்.

"ஆர் சொன்னது? நான்தான் முதலாளியைக் கலைச்சனான். அவருக்கு அது இன்னும் விளங்கேல்லை."

இனி என் கதைக்கு வருகிறேன். என் இடது கால் பிறவியிலேயே சோர்ந்த கால். பாதம் சொன்ன சொல் கேட்காது. அமத்து என்றால் ஏதோ அமத்தும், விரலை மேலே தூக்கு என்றால் தூக்காது. நொண்டி நொண்டித்தான் நடப்பேன். ஊரில் இதைப் பற்றி என்னிடம் கேட்காதவர்கள் இல்லை. பிறவியிலேயோ, காய்ச்சல் வந்தோ, ஆஸ்பத்திரியில காட்டேல்லையோ, மருதங்கேணிப் பக்கம் ஒரு பரியாரி இருக்கிறாராம் போகேல்லையோ. புதுச் சட்டைக்கு அளவு கொடுக்க வருகிறவர்கள்கூட, நான் அவர்களுடைய கையை அளக்கும்போது அவர்கள் என் காலை அளப்பார்கள். நான் தையல்காரி.

அவரும் சட்டை தைக்கத்தான் முதல் வந்தார். ஸ்பானர் போடும் அளவுக்குப் பெரிய பொக்கற் வேண்டுமாம். வாசலில் நின்று நான் மிசின் மிதிப்பதைப் பார்த்தார். வலது காலால் மட்டும் மிதிப்பேன், இடது கால் சும்மா தொங்கும். அதனால் ஒருபக்கமாகச் சரிந்துதான் இருப்பேன், பின்னேரம் ஆனால் இடுப்பு முறியும். "ஆற்ற மிசின்?" என்று கேட்டார். "என்ர மிசின்தான்." "இல்லை, இது உம்மட மிசின் இல்லை" என்றுவிட்டுப் போய்விட்டார். அடுத்தநாள் வாளோடு வந்தார். மிதிக்கிற பலகையை அறுத்து வலப்பக்கம் நகர்த்தி, இடது காலை வைக்க ஒரு சிறு தட்டும் பூட்டினார். அன்றிலிருந்து நேராக இருந்து தைக்கிறேன்.

அவர் என் காலைப் பற்றி ஒருநாளும் கேட்டதில்லை. வருடக்கணக்கில் வீட்டுக்கு வந்து போனவர், ஒரு சொல் கேட்டதில்லை. ஒருநாள் எனக்கே பொறுக்கவில்லை. "ஏன் அண்ணை நீங்கள் மட்டும் என்ர காலைப் பற்றிக் கேக்கிறேல்லை?" என்றேன். தென்னோலை ஈர்க்கு ஒன்றை எடுத்து என் குதிக்காலிலிருந்து முழங்கால்வரை பிடித்து, அளவுக்கு முறித்துச் சட்டைப் பொக்கற்றில் வைத்தார்.

"கேட்டால் இந்த அளவு மாறுமே? எனக்கு அளவுதான் வேணும்."

என் தம்பி பிரான்சில் இருக்கிறான். ஒருமுறை லீவில் வந்தபோது, தென்னிலங்கையில் எங்கோ கடற்கரை ஹோட்டல் ஒன்று மூடும் நேரத்தில் விற்ற நாலு சில்லு மோட்டார் சைக்கிள் ஒன்றை வாங்கிக்கொண்டு வந்துவிட்டான். குவாட் என்கிறார்களே, அது. அதிலும் இது சாமான் ஏற்றுகிற சாது வகை இல்லை. பாய்ந்து ஓடுவதற்கென்று செய்தது. தாழ்ந்த உடம்பு, வெளியே துருத்திக்கொண்டு நிற்கும் சில்லுகள், ஊரைக் கூட்டும் சத்தம். சரக்குப் படகில் கட்டிக்கொண்டு வரும்போதே வழி முழுக்க உப்புத்தண்ணீர் குடித்தது. தம்பி லீவு முடியும்வரை அதில் ஏறி ஊர் ஆடுகளையெல்லாம் கலைத்தான். போகும்போது "பழைய இரும்புக்குக் குடுங்கோ" என்று சொல்லிவிட்டுப் போனான். அது வளவு மூலையில் கிடுகின் கீழ் கறள் பிடித்துக் கிடந்தது.

எனக்கு அதில் கண்.

ஏன் என்று சொல்லுகிறேன். நெடுந்தீவிலேயே பிறந்து நெடுந்தீவிலேயே வளர்ந்தவள் நான். ஆனால் தீவின் அந்தத் தொங்கலுக்கு, குதிரைகள் மேயும் வெளியைக் கடந்து கப்பல்களுக்கு அடையாளமாக அந்தக் காலத்தில் கட்டிய குவிந்தாக் கோபுரம் நிற்கும் கரைக்கு, தனியே போனதில்லை. போனதெல்லாம் ஆரோ ஒருவரின் மோட்டார் சைக்கிளில் பின்னால் இருந்துதான். ஏற்றிக்கொண்டு போவார்கள், இறக்கி விடுவார்கள், "பாத்தது காணுமோ?" என்பார்கள், திரும்ப ஏற்றிக்கொண்டு வருவார்கள். எனக்கு ஒருநாளும் பார்த்தது காணவில்லை, போதவில்லை. கடைக்கு நடந்து போனாலும் அம்மா யாரையாவது பின்னால் அனுப்புவா. விழுந்துவிடுவேனாம். அன்புதான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் ஒருவரும் பின்னால் வராமல் ஒருமுறை அந்தத் தொங்கலுக்குப் போய் வரவேண்டும் என்பது எனக்குள் ஒரு விசராகவே வளர்ந்துவிட்டது. இரண்டு சில்லு வண்டி எனக்குச் சரிவராது, காலூன்றி நிற்க ஏலாது. நாலு சில்லு என்றால் விழாதே!

அவரிடம் கேட்டேன். "அண்ணை, இதை ஓட எனக்கு ஏலுமோ?"

முகம் சிவந்துவிட்டது மனிசனுக்கு. "என்னத்துக்கு உம்மைக் கேக்கிறீர்? அதையெல்லோ கேக்கவேணும்" என்று குவாட்டைச் சுற்றி வந்து, குந்தியிருந்து அடியையும் பார்த்தார். "முடிஞ்சுது. நாளைக்கு ஓடலாம்" என்றார்.

அந்த நாளை வருவதற்கு மாதங்கள் எடுத்தன. அவருடைய நாளை எல்லாம் அப்படித்தான்.

எஞ்சினைக் கழற்றினார். உள்ளே விட்டுப்போன பெற்றோல் பிசினாகிக் காபரேற்றரை அடைத்திருந்தது. சங்கிலி மாற்றினார். வெடித்த ரயர்களுக்குப் பதில் யாழ்ப்பாணத்தில் தேடிப்பிடித்து வேறு போட்டார், மணலில் புதையாமல் போகக் காற்றைக் குறைத்து விட்டார். புழுதி உள்ளே போகாமல் காற்று வடிகட்டிக்கு மேலால் சட்டைத்துணி தைத்துப் போடச் சொன்னார், தைத்துக் கொடுத்தேன். பிறகு வாளை எடுத்தார்.

இந்த வண்டியில் கியர் மாற்றுவது இடது காலால். முதலாவது கியருக்குப் பாதத்தால் அமத்த வேண்டும், மற்றதுகளுக்கு விரலால் தூக்க வேண்டும். என் விரல் தூக்காது. படகு எஞ்சினுக்குக் கியர் கையால்தானே என்று, பழைய எஞ்சின் ஒன்றின் கியர்த்தடியை வெட்டி இடப்பக்கத்தில் ஒட்டினார். ஏறி இருந்து பார்த்தேன். இடது கையால் கிளச்சைப் பிடிக்க வேண்டும், அதே கையால் தடியையும் இழுக்க வேண்டும்.

"அண்ணை, எனக்கு மூண்டு கை வேணும்."

"மனுசனுக்கு ரெண்டு கைதான் எண்டு இந்தக் கொம்பனிக்காரனுக்குத் தெரியாதோ!" என்று வானத்தைப் பார்த்துக் கத்தினார். தடியை அங்கே ஒட்டியது கொம்பனிக்காரன் இல்லை, இவர்தான். ஆனால் இந்த மனிசன் தன் பிழையை ஒப்புக்கொண்டதை நான் ஒருநாளும் கண்டதில்லை. கோணலாக ஒட்டினால் பைப் கோணல். மழையில் வேலை பிந்தினால் மழை பிழை. பிழை எப்போதும் வேறெங்கோ இருக்கும். கடைசியில் தடியை இருக்கைக்கு முன்னால் வளைத்து வலப்பக்கம் கொண்டுவந்தார். "கியர் மாத்தேக்கை எக்சிலேற்றரை விடத்தானே வேணும்? விட்ட கை ஏன் சும்மா இருக்க?" என்றார். சரிவந்தது.

என் இடது பாதம் தன்பாட்டில் வழுக்கிப் பின்சில்லுக்குள் போய்விடும் என்று அம்மா அழுதா. அந்தப் பயம் நியாயமானதுதான். அதற்கு இரும்புப் பைப்பால் ஒரு சட்டம் செய்து, மிதிக்கும் இடத்துக்கும் பின்சில்லுக்கும் நடுவில் நைலோன் கயிற்றால் வலை பின்னினார். மீன் வலை பின்னுகிற அதே முடிச்சு. பாதத்தை வைக்க ஒரு ரப்பர் பூற்ஸின் குதியை வெட்டிப் பூட்டினார். படகுக்காரர் கட்டுவதுபோல என் மணிக்கட்டிலிருந்து எஞ்சினுக்கு ஒரு கயிறு. நான் விழுந்தால் கயிறு இழுபட்டு எஞ்சின் நின்றுவிடும்.

"தம்பி, அப்பிடியே வேகத்தையும் கொஞ்சம் குறைச்சு விடும்" என்று அம்மா அவரிடம் கேட்டா.

"அக்கா, இது ஓடுறதுக்கெண்டு செய்த சாமான். ஓடாத ஒண்டு வேணுமெண்டால் பிள்ளைக்கு ஒரு ஆட்டுக்குட்டி வாங்கிக் குடுங்கோ" என்றார். அம்மா தடியை எடுத்து நிலத்தில் குத்திவிட்டு உள்ளே போனா.

வேலை நடந்த அவ்வளவு காலமும் அம்மா அந்த வண்டிக்குக் கிட்டவும் போகவில்லை. "சனியன்" என்றுதான் சொல்லுவா. "உனக்கென்ன ஆட்டம் இந்த வயசில? ஆர் உன்னைத் தூக்கிப் பாக்கிறது?" என்று விடியத் தொடங்கினால் இரவில்தான் ஓயும்.

முதன்முதல் ஓடுகிற நாள் வந்தது. ஒழுங்கை முனைவரை போய்த் திரும்புவதுதான் திட்டம். சில்லுக்கடியில் தேசிக்காய் வைத்து நசித்தோம். ஊர்ச்சனம் முருகைக்கல் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தது. பெரியம்மாவின் மகனும் வந்து நின்றான், மோட்டார் சைக்கிள் வைத்திருப்பவன், என்னை இவ்வளவு காலமும் ஏற்றி இறக்கியவன். ஏறினேன். முதலாம் கியர், இரண்டாம் கியர். ஐயோ, அந்தச் சந்தோஷத்தை என்னவென்று சொல்ல! வாய்விட்டுச் சிரித்துக்கொண்டு போனேன். ஒழுங்கை முனை வந்தது. கிளச்சையும் பிரேக்கையும் சேர்த்துப் பிடித்தேன். வண்டி நிற்கவில்லை. காலாலும் பிரேக்கை மிதித்தேன். எண்ணெயில் கால் வைத்த மாதிரி வழுக்கிக்கொண்டே போய், நேரே கல்வேலியில் மோதியது. சாந்து பூசாமல் அடுக்கிய வேலி, அதனால் சரிந்து வழிவிட்டது. நான் மணலில் கிடந்தேன். கயிறு இழுபட்டு எஞ்சின் நின்றிருந்தது. முழங்கை உரிந்ததைத் தவிர எனக்கு ஒன்றுமில்லை.

அதற்குள் சனம் ஓடி வந்துவிட்டது. அம்மா தலையில் அடித்துக்கொண்டு வந்தா. பெரியம்மாவின் மகன் அவருடைய சட்டையைப் பிடிக்காத குறை. "வெட்டிக் கொத்தி விளையாட இவள்தானோ உமக்குக் கிடைச்சாள்? ஒரு பிரேக்கைப் பாக்கத் தெரியாதோ?"

அவர் குனிந்து முன்சில்லின் பிரேக் தகட்டை விரலால் தொட்டார். விரலை மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனார். பிறகு அம்மாவின் கைகளைப் பார்த்தார். நானும் மணலில் இருந்தபடி பார்த்தேன். அம்மாவின் நகக்கண்ணில் கறுப்பு. தகட்டில் மினுமினுப்பு.

எங்கள் ஊரில் உப்புக்காற்று இரும்பைத் தின்னும். கதவுப் பிணைச்சலிலிருந்து கிணற்றுக் கப்பிவரை எல்லாவற்றுக்கும் பழைய எஞ்சின் ஒயிலோடு தேங்காயெண்ணெய் கலந்து பூசுவோம். சாமானை விரும்புகிறவர்கள் அப்படித்தான் செய்வார்கள். சனியன் என்று திட்டிய அம்மா, விடியவே எழும்பி, ஒருவருக்கும் தெரியாமல் அந்த வண்டி முழுக்க எண்ணெய் பூசியிருக்கிறா. பிரேக் பிடிக்கிற தகடு உட்பட. அதில் எண்ணெய் பட்டால் பிரேக் பிடிக்காது என்று அவவுக்கு எப்படித் தெரியும்?

அவர் விரலை உடுத்திருந்த சாறத்தில் துடைத்தார்.

"ஓம். பிரேக்கை நான்தான் சரியாய்ப் பாக்கேல்லை. என்ர பிழை."

என் காதையே என்னால் நம்ப முடியவில்லை. அதன்பிறகு ஆளாளுக்குத் திட்டினார்கள். அம்மாதான் எல்லோரையும் விடக் கூடத் திட்டினா. அவர் கேட்டுக்கொண்டு நின்றார். பிறகு சரிந்த கற்களை ஒவ்வொன்றாக எடுத்து வேலியை அடுக்கத் தொடங்கினார்.

இரண்டொரு நாள் கழித்துத் தகட்டைப் பெற்றோல் போட்டுக் கழுவ வந்தார். பிரேக் கட்டைகளும் புதிது வாங்கி வந்திருந்தார். அம்மா உள்ளே இருந்தா. மெல்லிய குரலில் கேட்டேன். "ஏன் அண்ணை அப்பிடிச் சொன்னனீங்கள்?"

"கொம்மா என்னத்துக்கு எண்ணெய் பூசினவ? இது கறள் பிடிக்காமல் கனகாலம் நிக்கவேணுமெண்டுதானே? இவ்வளவு நாளும் கிட்ட வராத மனிசி, முதல்முதல் கை வைச்சிருக்கிறா. அது பிழையெண்டு ஊருக்கு முன்னால சொன்னால் இனி இந்தப் பக்கமே வரமாட்டா. உம்மையும் விடமாட்டா."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவருக்கு அழுகை பிடிக்காது. "ஸ்பானரைத் தாரும்" என்றார்.

பிறகு சத்தமாக அம்மாவைக் கூப்பிட்டார். "அக்கா! எண்ணெய் பூசுற வேலையை நீங்கள்தான் பொறுப்பெடுக்கவேணும். எனக்கு நேரமில்லை. சங்கிலி, வில்லு, பைப்புச் சட்டம் எல்லாத்துக்கும் பூசுங்கோ. இந்தத் தகட்டுக்கு மட்டும் வேண்டாம். அதுக்கு நான் வேற மருந்து பூசியிருக்கிறன், எண்ணெய் பட்டால் மருந்து கெட்டுப்போகும்." அம்மா வாசலுக்கு வந்து ஒரு முறை முறைத்தா. ஆனால் அடுத்த நாளே எண்ணெய்ச் சிரட்டையோடு போய்க் குந்திவிட்டா. இன்றைக்குவரை அந்த மருந்தை நம்புகிறா. இதை அவ வாசிக்கமாட்டா, கண்ணாடி போடச் சொன்னால் கிழவியாகிவிடுவாவாம்.

அவர் இப்போது மகளோடு மன்னாரில். எப்போதாவது போன் எடுப்பார். "எப்பிடி இருக்குது?" என்றுதான் தொடங்குவார், நானும் முதலில் என் சுகத்தைச் சொல்லி ஏமாந்தேன். அவர் கேட்பது வண்டியை. அவருக்கு நன்றி சொல்லிப் பார்த்திருக்கிறேன், லைன் கட்டாகிவிடும். அதனால்தான் இங்கே எழுதுகிறேன். அவர் என் வாழ்க்கைக்குச் செய்ததற்கு நான் எத்தனை தரம் நன்றி சொன்னாலும் காணாது. இங்கே என்றால் அவரால் என்னை இடையில் நிற்பாட்ட முடியாது.

அவர் ஊரில் இருந்த காலத்திலேயே நான் அந்தத் தொங்கலுக்குப் போன நாளையும் சொல்லிவிடுகிறேன்.

காலமை வெயில் ஏறமுதல் வெளிக்கிட்டேன். அம்மா ஒரு போத்தல் தண்ணீரைக் கட்டித் தந்தா. "இவனைப் பின்னால வரச் சொல்லியிருக்கிறன்" என்று பெரியம்மாவின் மகனைக் காட்டினா. வேண்டாம் என்றேன். அவன் கேட்கவில்லை. "உன்னைத் தனிய விட்டால் ஊர் எங்களுக்குக் காறித் துப்பும். நீ முன்னால போ, நான் தூரத்திலதான் வருவன்" என்றான். எனக்குச் சீ என்று போய்விட்டது. இவ்வளவும் செய்து கடைசியில் பின்னால் ஒரு காவல். கண்ணீரை அடக்கிக்கொண்டு எஞ்சினை ஸ்டார்ட் பண்ணினேன்.

கல்வேலி ஒழுங்கைகளைத் தாண்டினேன். வீடுகள் குறைந்தன, பனைகள் குறைந்தன, பிறகு வெளி. புல்லும் கல்லும் மணலும் மாறி மாறி வந்தன. இரண்டாம் கியர், மூன்றாம் கியர். பள்ளத்தில் விழுந்து எழும்பும்போதெல்லாம் என் இடது பாதம் வழுக்கி வலையில் போய் இருந்தது, திரும்ப எடுத்து வைத்தேன். தூரத்தில் நின்ற குதிரைகள் தலை நிமிர்ந்து பார்த்துவிட்டு ஒன்றாக ஓடின. பின்னால் மோட்டார் சைக்கிள் சத்தம் எப்போது கேட்கும் என்று ஒரு காது அங்கேயே இருந்தது. கேட்கவில்லை. என் வண்டிச் சத்தத்தில் கேட்காமல் இருக்கும் என்று நினைத்தேன்.

கோபுரத்தடியில் நிறுத்தினேன். எஞ்சினை அணைத்தேன். அலைச் சத்தம் மட்டும். திரும்பிப் பார்த்தேன். அவ்வளவு பெரிய வெளியில் ஒரு புழுதிகூட எழும்பவில்லை. ஒருவரும் வரவில்லை. இறங்கிக் கரைக்கு நடந்தேன். கல்லில் தடக்கி விழுந்தேன், எழும்பினேன், "ஐயோ" என்று சொல்ல ஆளில்லை. தண்ணீருக்குள் இரண்டு காலையும் வைத்துக்கொண்டு ஆசை தீர இருந்தேன். எனக்குப் பார்த்தது காணும் என்று வந்தபோதுதான் எழும்பினேன்.

திரும்பி வந்தால் எங்கள் படலையடியில் சனம். பெரியம்மாவின் மகன் வியர்த்து ஒழுக மோட்டார் சைக்கிளை உதைத்துக்கொண்டு நின்றான். நான் போனதிலிருந்து உதைக்கிறானாம். அம்மா என்னைக் கண்டதும் தடியைப் போட்டுவிட்டு ஓடி வந்து முகத்தைத் தடவினா. அவர் வேலியோரம் குந்தியிருந்து அம்மா கொடுத்த புட்டைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். என்னை நிமிர்ந்து ஒரு பார்வை பார்த்தார். பிறகு சாற மடியை அவிழ்த்து எதையோ எடுத்துப் பெரியம்மாவின் மகனிடம் நீட்டினார்.

"இந்தாரும் தம்பி, உம்மட மோட்டார் சைக்கிள் பிளக். நல்லாத் துடைச்சு வைச்சிருக்கிறன்."

அவனுக்கு வந்த கோபத்தைச் சொல்ல வேண்டுமா? "நீங்களோ கழட்டினது? உங்களுக்கு மூளை இருக்கே? இவளின்ர வண்டி நடுவெளியில நிண்டுபோயிருந்தால்? ஒருத்தரும் இல்லாத இடத்தில இவள் என்ன செய்திருப்பாள்?"

அவர் வாயிலிருந்த புட்டை ஆறுதலாக விழுங்கினார். இவ்வளவு சுலபமான கேள்வியை ஏன் கேட்கிறான் என்பதுபோல அவனைப் பார்த்தார்.

"என்ன செய்யிறது? நடந்து வந்திருப்பா. பிறந்ததிலயிருந்து நடக்கிறவதானே."

என்னைப் பற்றி அப்படி ஒருவர் சொல்லி நான் அதுவரை கேட்டதில்லை. மணிக்கட்டில் இருந்த கயிற்றைக் கழற்றினேன். பிடித்து இறக்க இரண்டு பேர் கை நீட்டினார்கள், வேண்டாம் என்றேன். இறங்கி, அத்தனை பேருக்கும் நடுவால், படலையிலிருந்து வீட்டு வாசல்வரை நொண்டி நொண்டி நடந்து போனேன்.